அந்த ஆண்டுகளை மறைக்காதீர்கள்

குழந்தைக்காகவோ, படுத்த படுக்கையான மாமியாருக்காகவோ, கணவரின் இடமாற்றத்துக்காகவோ வேலையை விட்டுவிட்டு, ஏழெட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வர நினைக்கும் பெண்ணுக்கு ஊரே சேர்ந்து சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "ரெஸ்யூமில் கேப் தெரியக் கூடாது." கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார், வேலையில் இருக்கும் தோழி சொல்கிறார், கூடப் பிறந்த தம்பியும் சொல்கிறான். ஆண்டுகளை எடுத்துவிடு, திறமைகளை மட்டும் வரிசையாகப் போடு, கேட்டால் ஃப்ரீலான்ஸ் செய்தேன் என்று சொல்லிக்கொள். இதற்கு நேர் எதிர்போலத் தோன்றும் இன்னோர் அறிவுரையும் இப்போது பரவி வருகிறது. வீட்டில் இருந்த காலத்தையே ஒரு பதவியாக்கி எழுதிவிடு: 'ஹோம் மேனேஜர்', 'குடும்ப நிதி நிர்வாகம்', 'மல்டி டாஸ்கிங்'. முன்னது மூடி மறைக்கச் சொல்கிறது, பின்னது சோடித்துக் காட்டச் சொல்கிறது. இரண்டுமே பெண்களுக்குக் கெடுதல் செய்கின்றன என்கிறேன். பழைய தொழிலை விட்டுப் புதிய தொழிலுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு அந்தக் கெடுதல் இரட்டிப்பு.

மறைக்கச் சொல்கிறவர்கள் வெறும் பயத்தில் பேசவில்லை. அவர்கள் பக்கம் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் கேத்ரின் வைஷார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதில் வலுவானது. தகுதியில் ஒன்றுபோல இருக்கும் கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து உண்மையான நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார் அவர். வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பித்த தாய்மார்களில் 100-க்குச் சுமார் 15 பேருக்கு அழைப்பு வந்தது. வேலை பறிபோனவர்களுக்கு அது சுமார் 10. பிள்ளை வளர்ப்பதற்காகத் தாமே வேலையை விட்டவர்களுக்குச் சுமார் 5. வேலையை இழந்தவரைவிட, குடும்பத்துக்காக வேலையை விட்டவரை நிறுவனங்கள் கீழே வைக்கின்றன. தகப்பன்மார் விஷயத்திலும் ஏறக்குறைய இதே சரிவுதான். நம் ஊரிலோ இரண்டு ஆண்டுக்கு மேல் கேப் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போடுகிற நிறுவனங்கள் உண்டு. இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு பெண் மறைக்கத் துணிந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை, அவருக்கு அந்த வழியைக் காட்டியவர்களுடையது.

அந்த ஆய்வு அளந்தது முதல் அழைப்பை மட்டும். அழைப்பு வந்தாலே வேலை கிடைத்துவிடாது. அதற்குப் பிறகு நம் நாட்டில் என்ன நடக்கும் என்பதை மறைக்கச் சொல்கிற யாரும் கூடவே சொல்வதில்லை. ரிலீவிங் லெட்டர் கேட்பார்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். 2014 முதல் பிஎஃப் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் யுஏஎன் என்ற ஒரே எண் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் நின்றார் என்பது அதன் கீழ் வரிசையாக நிற்கும். பெரிய நிறுவனங்கள் இதைச் சரிபார்க்கவே வெளியாட்களை அமர்த்துகின்றன. காசு வாங்கிக்கொண்டு 'எக்ஸ்பீரியன்ஸ்' சான்றிதழ் அடித்துத் தருகிற ஆட்களிடம் சிக்கியவர்கள் நிலை இன்னும் மோசம். ஆஃபர் லெட்டர் வாங்கி, வீட்டில் எல்லாருக்கும் சொல்லி, பிள்ளைக்கு டே கேர் பார்த்து, சேர்ந்த பிறகு வெளியே அனுப்பப்படுவது வெறும் கேப்பைவிடப் பெரிய அடி. கேப் உள்ளவர் என்ற பெயரோடு போனவர், பொய் சொன்னவர் என்ற பெயரோடு திரும்புகிறார்.

பிரிட்டனில் 9,000-க்கும் அதிகமான விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய இன்னோர் ஆய்வையும் மறைப்புக் கட்சியினர் துணைக்கு அழைப்பதுண்டு. வேலை பார்த்த தேதிகளுக்குப் பதிலாக 'இத்தனை ஆண்டு அனுபவம்' என்று எழுதியபோது அழைப்புகள் சுமார் 8 சதவீதம் கூடின. இதை நான் மறுக்க மாட்டேன். '6 ஆண்டு ஐசியூ அனுபவம்' என்பதைப் பக்கத்தின் உச்சியில் தடித்த எழுத்தில் போடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். எதை முதலில் சொல்வது என்பது எழுதுகிறவரின் உரிமை. தேதியை அடியோடு விழுங்கிவிட்டு, கேட்டால் வேறு கதை சொல்வது வேறு விஷயம்.

மறைக்கும் பழக்கம் செய்கிற இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அது மதுரையில் ஒரு செவிலியரின் ரெஸ்யூமைப் பார்த்தபோது உறைத்தது. ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஆறு ஆண்டு ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். இரண்டாவது குழந்தை பிறந்த சமயத்தில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. 2016-இல் வேலையை விட்டார். இப்போது நைட் டூட்டியோடு மூன்று ஷிஃப்ட் பார்க்க வீட்டு நிலைமை இடம் தராது. அதனால் மெடிக்கல் கோடிங் படித்திருந்தார். "அக்கா, இந்த ஒன்பது வருஷத்தை எப்படியாவது தெரியாம பண்ணிக் குடுங்க" என்று இரண்டு பக்கத் தாளை நீட்டினார்.

முதல் பக்கத்தில் 'கேரியர் அப்ஜெக்டிவ்' என்று நான்கு வரி. புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியைப் பெற்று, என் திறமையையும் நிறுவனத்தையும் ஒருசேர வளர்ப்பதே என் குறிக்கோள் என்று, பிரவுசிங் சென்டரில் தலைமுறை தலைமுறையாக நகல் எடுக்கப்படும் அதே வாசகம். அடுத்து பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நர்சிங் மதிப்பெண்கள் கட்டம் போட்டு. பிறகு கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்பவர். இரண்டாம் பக்கம் முழுக்க அப்பா பெயர், கணவர் பெயர், மதம், தாய்மொழி, பொழுதுபோக்கு: சமையல், பாட்டுக் கேட்பது. அடியில், மேலே சொன்னவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையொப்பம். இவ்வளவுக்கும் நடுவில் அவருடைய வேலை வாழ்க்கைக்குக் கிடைத்த இடம் ஒரே வரி. 'ஸ்டாஃப் நர்ஸ், தனியார் மருத்துவமனை, 6 ஆண்டு.'

அந்தத் தாளில் பெரிய ஓட்டை வீட்டில் இருந்த ஒன்பது ஆண்டு இல்லை, வேலை பார்த்த ஆறு ஆண்டுதான். ஒன்பதை எப்படி மறைப்பது என்ற கவலையிலேயே கிடந்ததால் ஆறில் என்ன செய்தோம் என்பதை எழுத அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் இருந்து திரும்புகிற பெண்களின் ரெஸ்யூம்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கேப் என்ற பயம், கேப்புக்கு முந்தைய வாழ்க்கையையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

ஐசியூவில் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். மணிக்கு மணி சார்ட் எழுதியது, வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டது, டாக்டர் கிறுக்கியதைப் படித்து மருந்து அளவைச் சரிபார்த்தது எல்லாம் சொன்னார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நோயாளிகளின் கேஸ் ஷீட், ஸ்கேன், லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்புவதும், அங்கிருந்து சந்தேகம் கேட்டு வந்தால் பதில் சொல்வதும் வார்டில் அவர் பொறுப்பாகத்தான் இருந்திருக்கிறது.

மெடிக்கல் கோடிங் என்பது என்ன? அமெரிக்க நோயாளி ஒருவரின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது. அதை வைத்துத்தான் அங்கே காப்பீட்டுப் பணம் பட்டுவாடா ஆகும். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நோய்களுக்கு ஐசிடி-10 குறியீடுகள். சிக்கல் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு ஈ11.9. அதே நோயாளிக்குச் சர்க்கரையால் நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பும் இருப்பதாக டாக்டர் குறித்திருந்தால் ஈ11.22. சிறுநீரகம் பற்றிய அந்த வரியைக் கவனிக்காமல் விட்டால் குறியீடு தப்பு, பணமும் தப்பு. ஆறு ஆண்டு கேஸ் ஷீட்டோடு வாழ்ந்தவர் கண்ணுக்கு அந்த வரி தப்புமா? தொழில் புதிதுதான். ஆனால் அதன் பாதி வேலையை அவர் 2016-க்கு முன்பே செய்துகொண்டிருந்தார். அது அந்தத் தாளில் எங்குமே இல்லை.

மாற்றி எழுதினோம். ஒரே பக்கம். குறிக்கோள், மதம், பொழுதுபோக்கு, உறுதிமொழி எல்லாம் போயின. உச்சியில் இரண்டு வரி: ஐசியூவில் 6 ஆண்டு அனுபவம் உள்ள செவிலியர், மெடிக்கல் கோடிங் பயிற்சி முடித்து, அதற்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வில் தேர்ச்சி பெற்றவர். அடுத்து கோடிங் பயிற்சி, எந்தெந்தப் பிரிவில் பழகினார் என்ற விவரத்தோடு. அதற்குக் கீழே மருத்துவமனை வேலை, கேஸ் ஷீட்டும் காப்பீட்டு ஆவணங்களும் முதலில் வரும்படி. இரண்டுக்கும் நடுவில், தேதி வரிசைப்படி, மறைக்காமல் ஒரு வரி: '2016 முதல் குடும்பப் பராமரிப்புக்காகப் பணியில் இல்லை, இப்போது முழுநேரப் பணிக்குத் தயார்.' விளக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை, மாமியாரின் நோய் விவரம் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்குக் கிடையாது.

அவருக்கு வேலை கிடைத்தது. அதை என் வாதத்துக்கு நிரூபணமாக நீட்ட மாட்டேன். ஒருவருக்குக் கிடைத்தால் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. நேர்காணலில் நடந்ததாக அவர் சொன்னதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏன் இத்தனை ஆண்டு என்று ஒருமுறை கேட்டார்கள். தாளில் இருந்த அதே வரியைச் சொன்னார். அடுத்த கேள்வி அனாடமியில் வந்தது. மறைத்திருந்தால் அந்த முழு நேரமும் கேப்பைக் காவல் காப்பதிலேயே போயிருக்கும்.

கேப்பால் ஒன்றுமே நஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நஷ்டம் உண்டு, அது அறிவில். 2015-இல் அக்கவுண்ட்ஸ் வேலையை விட்ட ஒருவர் வாட் வரியோடு நின்றவர். 2017 ஜூலை 1 முதல் நாடே ஜிஎஸ்டிக்கு மாறிவிட்டது. அவர் பழகியிருந்த டாலி மென்பொருளும் 2020-இல் டாலி பிரைமாக வேறு முகத்தோடு வந்துவிட்டது. நியாயமான ஒரு முதலாளிக்கு வரும் சந்தேகம் இதுதான்: இவருக்கு இப்போது என்ன தெரியும்? இந்தக் கேள்விக்கு மறைப்பில் பதில் இல்லை, சோடனையிலும் இல்லை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கற்றுக்கொண்டு, இன்ன கடைக்கு இத்தனை மாதம் போட்டுக் கொடுத்தேன் என்று எழுதுவதில் இருக்கிறது. கேப்பை ஒழுக்கக் குறைபோல நடத்துவதால்தான் பெண்கள் அதற்கு வெட்கத்தால் பதில் சொல்கிறார்கள். அதைத் தொழில்நுட்பக் குறையாகப் பார்த்தால் ஒரு படிப்பாலும் கொஞ்சம் பயிற்சியாலும் பதில் சொல்லிவிடலாம்.

இனி சோடிக்கச் சொல்கிறவர்களிடம் வருகிறேன். இவர்களுடைய நோக்கத்தை மதிக்கிறேன். வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று அடித்துச் சொல்ல நினைக்கிறார்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை எடுத்துக் காட்டுவார்கள். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. இல்லத்தரசி மேலாளராக, சமையல் கலைஞராக, வீட்டு மருத்துவராக, பொருளாதார நிபுணராக வேலை செய்கிறார் என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அதில் விரித்துச் சொல்லியிருந்தார். அருமையான தீர்ப்பு. ஆனால் அங்கே வழக்கு என்ன? அந்தப் பெண் ஏற்கனவே உழைத்துவிட்டார், அதன் பலனை ஒரு குடும்பம் அனுபவித்துவிட்டது, பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. வேலைக்கு ஆள் எடுக்கிறவர் கேட்பது வேறு. அவரிடம் 'வீட்டு மருத்துவர்' என்று எழுதிக் கொடுத்தால், நீதிமன்றத்தில் கம்பீரமாக நின்ற அதே சொல் அங்கே பரிதாபமாக நிற்கும்.

இன்னும் ஒன்று. வீட்டில் செய்த வேலைக்கு ஆபீஸ் பெயர் சூட்டினால்தான் மரியாதை என்று எழுதும்போதே, சூட்டாவிட்டால் மரியாதை இல்லை என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. படுக்கையில் கிடந்தவரை ஒன்பது ஆண்டு குளிப்பாட்டி, உணவூட்டி, புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்த வேலைக்கு 'டைம் மேனேஜ்மென்ட்' என்று பெயர் வைப்பது அதைச் சிறுமைப்படுத்துவது. அது ரெஸ்யூமுக்கு வெளியே, தன் சொந்தப் பெயரோடு நிற்கட்டும்.

அதே சமயம், வீட்டில் இருந்த காலத்தில் நிஜமாகவே செய்த பொது வேலைகளைப் பெண்கள் எழுதாமல் விடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாட்டில் இல்லாத ஊர் இல்லை. அதில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தவர் தீர்மானப் புத்தகம் எழுதியிருக்கிறார், ரொக்கப் புத்தகமும் பேரேடும் பராமரித்திருக்கிறார், வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து கடன் பேசியிருக்கிறார், தவணை தவறிய வீட்டுக்கு நடந்துபோய் வசூலித்திருக்கிறார். கேட்டால், "அது சும்மா சங்கம்தானேக்கா" என்பார். சும்மாவா? கணக்கு வேலைக்கும் நுண்கடன் நிறுவனத்தின் களப் பணிக்கும் விண்ணப்பிக்கிறவருக்கு அதைவிட நல்ல அனுபவம் எது? குழுவில் எத்தனை பேர், எத்தனை ஆண்டு, எவ்வளவு கடன் வாங்கித் திருப்பினார்கள் என்று எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதில் உறுப்பினராக இருந்ததையும் எழுதலாம். டியூஷன் எடுத்திருந்தால் எந்தப் பாடம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதலாம். சோடனைக்கும் இதற்கும் வித்தியாசம் எளிது. கேட்டால் காட்டுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகமோ, சொல்வதற்கு ஒரு மூன்றாம் ஆளோ இருக்க வேண்டும்.

தொழில் மாறினால் எல்லாம் சைபரிலிருந்து தொடங்கும், ஃப்ரெஷர் என்றே போட்டுக்கொள் என்பவர்களுக்கு நீளமாகப் பதில் தேவையில்லை. சம்பளம் முதலில் குறைவாகத்தான் இருக்கும். சிபிசி தேர்ச்சி பெற்றாலும் கோடிங்கில் அனுபவம் இல்லாதவருக்குப் பயிலுநர் என்ற ஒட்டுச்சொல் சேர்ந்தே வரும். அதை ஏற்கலாம். ஒன்றுமே தெரியாதவர் என்று தாமே எழுதிக் கொடுப்பதை ஏற்கக் கூடாது.

கேப்பைக் குறையாகப் பார்க்காமல் ஆள் எடுக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-இல் தொடங்கிய பெண் விஞ்ஞானிகள் திட்டம், வேலையை இடையில் விட்ட பெண்களை மனதில் வைத்தே உருவானது. அதன் சி பிரிவில், ஆய்வகத்தை விட்டு வீட்டில் இருந்த அறிவியல் பட்டதாரிகளுக்கு ஓராண்டு காப்புரிமைப் பயிற்சி கொடுத்து, முற்றிலும் வேறு தொழிலுக்கு அனுப்பினார்கள். டாடா குழுமம் 2008-இல் இடைவெளி விட்ட பெண்களுக்கென்றே தனி இன்டர்ன்ஷிப் தொடங்கியது. உலக அளவில் லிங்க்ட்இன் தளமும் 2022-இல் பிள்ளை வளர்ப்பு, குடும்பப் பராமரிப்பு உள்ளிட்ட இடைவெளிகளை வேலை வரலாற்றிலேயே பதிவு செய்ய இடம் ஒதுக்கியது. இந்தக் கதவுகளில் எல்லாம் கேப்பை மறைத்தவர் நுழையவே முடியாது.

கேப் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேசத்தான் வேண்டும். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. 2017-இல் திருத்திய சட்டம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. அது முடியும்போது குழந்தைக்கு ஏழு மாதம்கூட ஆகியிருக்காது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது அதே சட்டம். அதற்குக் குறைவான இடத்தில் வேலை செய்யும் தாய் என்ன செய்வார்? பாட்டி இல்லாத வீட்டில் அவர்தான் வேலையை விடுவார். எத்தனையோ ஆண்களின் ரெஸ்யூமில் இடைவெளியே இல்லாமல் இருப்பதற்குக் காரணம், அவர்கள் மனைவியின் ரெஸ்யூமில் இருக்கும் இடைவெளி. அதை அந்த மனைவி மட்டும் குற்றம்போல மறைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்பது அநியாயம்.

ஆகவே ஆள் எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் கேப் பற்றிய அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு தேர்வு வையுங்கள், ஒரு மாதிரி வேலை கொடுத்துப் பாருங்கள். தெரியாதவர் அதிலேயே தெரிந்துவிடுவார். திரும்பி வர நினைக்கும் பெண்களுக்குச் சொல்வது இது. இன்று இரவு ஒரு தாளை எடுத்து, கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் முன்னால் பார்த்த வேலையில் ஒரு நாள் காலையிலிருந்து மாலைவரை என்னென்ன செய்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ரெஸ்யூமை அதிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் இருந்த ஆண்டுகளுக்கு ஒரு வரி போதும்.